வேதியியல் பாடநூல்கள்: விலை, மொழி, காலம்

உரம், சிமெண்ட், எஃகு, மருந்து, சாயம், காகிதம் ஆகிய எத்தொழிலை எடுத்துக்கொண்டாலும் அதன் அடித்தளத்தில் வேதியியல் இருக்கிறது. அம்மோனியா உற்பத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அழுத்தத்தை மிகுதிப்படுத்தினால் அம்மோனியா மிகுதியாகக் கிடைக்கும். வெப்பநிலையை உயர்த்தினால் வினை விரையும்; ஆனால் விளைச்சல் குறையும். இவ்விரண்டுக்கும் இடையே எந்த நிலையைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவது இயற்பிய வேதியியல். வினையை ஊக்குவிக்கும் இரும்பின் பண்புகளை ஆராய்வது கனிம வேதியியல். உரத் தொழிற்சாலையில் பணிபுரியும் வேதியியலார் இவ்விரண்டையும் முதன்முதலில் விரிவாகக் கற்பது பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளில்தான். அக்கல்வியின் முதற்கருவி பாடநூல். எனவே பாடநூலை ஒரு நுகர்பொருளாக மட்டும் கருதாமல், நாட்டின் உற்பத்தித் திறனை வளர்க்கும் மூலதனப் பொருளாகவும் கருதுதல் பொருந்தும்.

அம்மூலதனம் தேவைப்படுவோரைச் சென்றடைகிறதா என்பதே கேள்வி. நகரத்துப் பெரிய கல்லூரியில் படிக்கும் மாணவர் புதிய பதிப்பைப் படிக்கிறார். சிற்றூர்க் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவர் வினா-விடைக் கையேட்டுடன் நின்றுவிடுகிறார். இருவருக்கும் பாடத்திட்டம் ஒன்றாக இருப்பினும் கிடைக்கும் கல்வி ஒன்றன்று. இந்த இடைவெளிக்கு விலை, மொழி, காலம் ஆகிய மூன்று காரணங்கள் உள்ளன.

விலையின் பொருளியல்

கனிம வேதியியல் நூல் 118 தனிமங்களையும் அவற்றின் சேர்மங்களையும் பற்றிய செய்திகளை ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். இயற்பிய வேதியியல் நூலிலோ வெப்ப இயக்கவியல், வினைவேகவியல், மின்வேதியியல், குவாண்டம் கொள்கை ஆகியவை கணிதச் சமன்பாடுகளின் வாயிலாக விளக்கப்படுகின்றன. இரண்டிலும் அட்டவணைகளும் வரைபடங்களும் மிகுதி. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு மேற்குறியும் கீழ்க்குறியும் கையால் பொருத்தப்பட்டன. கணிப்பொறி அச்சுக்கோப்பு வந்தபின் உழைப்பு குறைந்தது. ஆயினும் சமன்பாடுகளைச் சரிபார்க்க அத்துறை அறிந்தவரே தேவை. ஓர் எண் பிழையானால் மாணவர் செய்யும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

இச்செலவுகளில் பெரும்பகுதி முதற்படியை அச்சிடுவதற்கு முன்னரே ஏற்பட்டுவிடுகிறது. இந்நிலைச் செலவு 3 இலட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். 1,000 படிகள் விற்றால் ஒவ்வொரு படியின் மீதும் 300 ரூபாய் சுமை விழும். 10,000 படிகள் விற்றால் 30 ரூபாய்தான். தாளுக்கும் கட்டுமானத்துக்கும் ஆகும் செலவு இதனோடு சேரும். பல மாநிலங்களில் பயன்படும் ஆங்கில நூல் ஒப்பளவில் மலிவாகவும், ஒரு மாநிலத்துக்குள் விற்பனையாகும் இந்திய மொழி நூல் செலவு மிக்கதாகவும் அமைவதற்கு இதுவே காரணம். சந்தையை மட்டும் நம்பினால் சிறிய வாசகர் வட்டத்துக்குரிய நூல் வெளிவராது. வெளிவந்தாலும் வாங்க இயலாத விலையில் இருக்கும். அரசின் மானியம் இவ்விடத்தில்தான் தேவைப்படுகிறது.

இறக்குமதி நூல்களுக்கு மற்றொரு சுமையும் உண்டு. 1966 ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, ஒரு டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக உயர்ந்தது. 10 டாலர் விலையுள்ள நூலின் அடக்கவிலை 48 ரூபாயிலிருந்து 75 ரூபாயாயிற்று. நூலில் ஒரு வரியும் மாறவில்லை. வாங்குவோரின் ஆற்றல் மாறிவிட்டது. 1991ஆம் ஆண்டின் மதிப்புக் குறைப்பும் இதே விளைவைத் தந்தது.

மலிவுப் பதிப்புகளின் காலம்

1960களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்திய மாணவர்களுக்கு வெளிநாட்டு நூல்கள் குறைந்த விலையில் கிடைத்தன. அதற்கு மூன்று வழிகள் இருந்தன. பி.எல். 480 திட்டத்தின்கீழ் இந்தியா பெற்ற அமெரிக்கக் கோதுமைக்காகச் செலுத்தப்பட்ட ரூபாய் நிதியின் ஒரு பகுதி, அமெரிக்கப் பாடநூல்களை இந்தியாவில் மறு அச்சிடப் பயன்பட்டது. பிரிட்டிஷ் அரசின் உதவியுடன் நடைபெற்ற ஆங்கில மொழி நூல் கழகம், அந்நாட்டு நூல்களை மலிவுப் பதிப்பாக வழங்கியது, ஜே. டி. லீயின் சுருக்கமான கனிம வேதியியல் நூல் இவ்வாறு பரவலாகக் கிடைத்தது. சோவியத் நாட்டின் மீர் பதிப்பகம் மூன்றாவது வழி. கிளிங்கா எழுதிய பொது வேதியியல் நூலும் அதற்கான கணக்குத் தொகுப்பும் இந்தியக் கல்லூரிகளில் பலரது கைகளில் இருந்தன.

இவற்றோடு பன்னாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகளும் மறு அச்சிட்டன. கிளாஸ்டனின் இயற்பிய வேதியியல், காட்டன்-வில்கின்சனின் உயர்நிலைக் கனிம வேதியியல் ஆகியவை அவ்வாறு வந்தவை. இந்திய ஆசிரியர்கள் இந்தியப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப எழுதிய நூல்களும் பெருகின. பால் மற்றும் துலி, பூரி மற்றும் சர்மா ஆகிய இணையாசிரியர்களின் பெயர்களை அறியாத வேதியியல் பட்டதாரி அரியர். 1957இல் நிறுவப்பட்ட தேசியப் புத்தக நிறுவனம் இந்திய ஆசிரியர்களின் உயர்கல்வி நூல்களுக்கு மானியம் வழங்கிற்று.

எனினும் வெளிநாட்டு உதவியின் இயல்பு ஒன்றுண்டு. உதவும் நாட்டின் நோக்கமோ நிலையோ மாறினால் உதவியும் நின்றுவிடும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்நாட்டு நூல்களின் வரத்து வற்றியது. பிரிட்டிஷ் திட்டமும் 1990களில் முடிவுற்றது. பிறர் தந்த மலிவு நிலையானது என்று எண்ணி நூலகங்களைத் திட்டமிட்ட கல்லூரிகள், அது நின்றபின் பழைய படிகளையே பேணிக்கொண்டிருக்க நேர்ந்தது.

இந்திய மொழிகளில் வேதியியல்

இந்திய மொழிகளில் அறிவியலை எழுதும் முயற்சி விடுதலைக்கு முன்னரே தோன்றியது. இந்து வேதியியலின் வரலாற்றை 1902, 1909 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய், வங்க மொழியிலும் அறிவியல் எழுதினார். தமிழில் மருத்துவர் கிரீன் யாழ்ப்பாணத்தில் மேற்கொண்ட பணியின் பயனாக 1875இல் "கெமிஸ்தம்" வெளிவந்தது.

விடுதலைக்குப் பின் இப்பணி அரசுத் திட்டமாயிற்று. 1961இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அமைக்கப்பட்டது. கோத்தாரி கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையும், 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல்கலைக்கழக நிலையில் வட்டார மொழிகளைப் பயிற்றுமொழியாக்குவதை வலியுறுத்தின. அதனையொட்டிப் பல்கலைக்கழகப் பாடநூல்களை ஆக்குவதற்கு மாநிலம் ஒன்றுக்கு 1 கோடி ரூபாய் வரை வழங்க மைய அரசு முன்வந்தது. கேரளத்தில் பாஷா இன்ஸ்டிடியூட், ஆந்திரத்தில் தெலுங்கு அகாதமி, இந்தி மாநிலங்களில் கிரந்த அகாதமிகள் ஆகியவை தோன்றின. தமிழ்நாட்டில் தமிழ் வெளியீட்டுக் கழகமும், அதனைத் தொடர்ந்து தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் இப்பணியை மேற்கொண்டன.

இந்நூல்கள் மொழிக்கு ஆற்றிய தொண்டு சிறிதன்று. இணைதிறன், அணைவுச் சேர்மம், ஈனி, வினைவேகம், ஒடுக்கம் முதலிய சொற்கள் ஆசிரியர்களின் நாவில் பழகின. ஆனால் பல நூல்கள் விற்பனையாகாமல் கிடங்கில் தேங்கின. அதற்குரிய காரணத்தை நூலின் தரத்தில் மட்டும் தேடுதல் கூடாது. ஒரு பாடநூலின் தேவை, அதைப் படித்தபின் மாணவர் செல்லவிருக்கும் அடுத்த படியைப் பொறுத்தது. ஐஐடிகளில் முதுகலை அறிவியல் சேர்க்கைக்கான தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. விரிவுரையாளர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வில் வேதியியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளது. தமிழிலோ மலையாளத்திலோ பட்டப்படிப்பை முடித்தவர் அவ்வாயிலில் நிற்கும்போது, கற்ற பொருளையே புதிய சொற்களில் மீண்டும் கற்க வேண்டியவராகிறார். பெற்றோரும் மாணவரும் இதை நன்கு அறிவர். ஆகவே நூல்கள் ஆக்கப்பட்டும் அவற்றுக்கான தேவை ஆக்கப்படவில்லை எனலாம்.

பழைய பதிப்பின் இடர்

கணிதத்தின் அடிப்படை நூல் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படக்கூடும். வேதியியல் நூலுக்கு அவ்வுறுதி இல்லை. 1962க்கு முந்தைய கனிம வேதியியல் நூல்கள், ஹீலியம், நியான், செனான் முதலியவற்றை எத்தனிமத்தோடும் சேராத மந்த வாயுக்கள் என்று கூறின. அவ்வாண்டில் நீல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். அதன்பின் அப்பெயரே பொருந்தாததாகி, உயரிய வாயுக்கள் என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களுக்கு 2016இல்தான் பெயரிடப்பட்டது.

அலகுகளிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. பழைய நூல்களில் ஆற்றல் கலோரியில் தரப்பட்டது. இன்று ஜூலில் தரப்படுகிறது. திட்ட அழுத்தம் ஒரு வளிமண்டலம் என்றிருந்ததை 1982இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ஒரு பார் என மாற்றப் பரிந்துரைத்தது. இதனால், 0 பாகை செல்சியஸில் ஒரு மோல் நல்லியல்பு வாயுவின் பருமன் பழைய நூலில் 22.4 லிட்டராகவும் புதிய நூலில் 22.7 லிட்டராகவும் காணப்படுகிறது. இரண்டும் சரியே, அழுத்தம்தான் வேறு. இதை எடுத்துரைக்கும் ஆசிரியர் அருகில் இல்லாத மாணவர், இரு நூல்களில் ஒன்று பிழையென்றே கருதுவார். மோல் என்பதன் வரையறை 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்ற நிலையான எண்ணிக்கையின் அடிப்படையில் அமைந்துள்ளது. எனவே நூலகத்தில் எத்தனை படிகள் உள்ளன என்பதோடு, அவை எந்த ஆண்டின் பதிப்புகள் என்பதும் கணக்கிடப்பட வேண்டும்.

சட்டத்தின் துணை

பதிப்புரிமை ஆசிரியரின் உழைப்பைக் காக்கிறது. ஆயினும் வளரும் நாடுகளின் கல்வித் தேவையை முன்னிட்டு, 1971ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடு சில விலக்குகளை அளித்தது. அதற்கேற்ப இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1983இல் திருத்தப்பட்டது. கல்விக்குத் தேவையான வெளிநாட்டு நூல் இந்தியாவில் நியாயமான விலையில் கிடைக்காதபோது, உரிய உரிமத்தொகை செலுத்தி அதை இங்கு அச்சிட உரிமம் கோரலாம். புனைகதைக்கும் கவிதைக்கும் 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இயற்கை அறிவியல், கணிதம், தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகளே போதும். அறிவியல் நூல் விரைவில் பழையதாகும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது.

நகலெடுத்தல் பற்றிய வழக்கும் குறிப்பிடத்தக்கது. பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றதற்கு எதிராகச் சில பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. கற்பித்தலுக்கு வேண்டிய அளவில் நகலெடுப்பது உரிமை மீறலாகாது என்ற நிலைப்பாட்டை 2016இல் அந்நீதிமன்றம் ஏற்றது. இத்தீர்ப்பு முழு நூலையும் நகலெடுத்து விற்பதற்கான அனுமதி அன்று என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

மின்வழி நூலும் அதன் எல்லையும்

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வாயிலாக வேதியியல் விரிவுரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அரசின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்க இது வழி செய்கிறது. ஆயினும் ஆய்விதழ் ஆய்வாளருக்கு உரியது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை முதன்முறையாகக் கற்கும் மாணவருக்குத் தேவை பாடநூலே. இந்திய மொழிகளில் ஐந்தாண்டுகளில் 22,000 நூல்களை ஆக்குவதற்கான திட்டம் 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இது முன்னைய முயற்சியின் தொடர்ச்சி. ஆகவே முன்னைய முயற்சியின் படிப்பினைகளும் இதற்கு வேண்டும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, மானியத்தை எத்தனை நூல்கள் வெளியிடப்பட்டன என்பதால் அளவிடாமல், எத்தனை மாணவர் கைகளில் அவை உள்ளன என்பதால் அளவிடுதல் நன்று. இரண்டாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் திருத்தப் பதிப்புக்கான நிதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். முதற்பதிப்போடு நின்றுவிட்ட நூல் பத்தாண்டுகளில் பயன் குன்றும். மூன்றாவதாக, இந்திய மொழி நூலின் இறுதியில் ஆங்கிலக் கலைச்சொற்களின் இணைப்பட்டியலைத் தருவதுடன், உயர்படிப்பு நுழைவுத் தேர்வுகளில் அம்மொழிகளுக்கு இடம் தருவதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நான்காவதாக, கல்லூரி நூலகங்கள் ஓர் அரிய நூலின் ஒரு படியைவிட, அடிப்படைப் பாடநூலின் பல படிகளை வாங்கி ஆண்டு முழுவதற்கும் இரவல் தரும் முறையைப் பின்பற்றலாம்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. ஓர் உரத் தொழிற்சாலையை அமைப்பதற்கு ஆகும் முதலீட்டோடு ஒப்பிட்டால் இச்செலவு மிகச் சிறிது. எனினும் அத்தொழிற்சாலையை இயக்கவிருக்கும் கைகள் எவ்வூர்களிலிருந்து வரும் என்பதை இச்சிறு செலவே பெரிதும் முடிவு செய்யும்.