என் கைக்கு வந்த மஞ்சள் டப்பா

"என்னங்க, காப்பிக்கொட்டை அரைக்கிறீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் எதிர் க்வார்ட்டர்ஸ் அம்மா.

கேட்டதில் தப்பில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் டப்பா ஒன்றின் பக்கவாட்டுக் கைப்பிடியை நான் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? "இல்லீங்க, விளையாடறேன்" என்றேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நாற்பத்தைந்து வயசு, பத்தாவது படிக்கிற பெண், ஏழாவது படிக்கிற பையன், உள்ளே மாமியார், மதிய ஷிஃப்டுக்குப் போயிருக்கிற புருஷன். இத்தனையும் வைத்துக்கொண்டு விளையாட்டாம்!

அந்த டப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதன் பெயர் ப்ளேடேட். மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலச் சதுரம், எடை வெறும் 86 கிராம். இடப்பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், வலப்பக்கம் இரண்டு பட்டன், மேலே சின்னத் திரை. திரையில் கறுப்பும் வெளுப்பும்தான், கலர் கிடையாது. இதுவரைக்கும் பழைய காலத்து விளையாட்டுப் பெட்டி மாதிரிதான் இருக்கும். விசேஷம் எல்லாம் வலது ஓரத்தில் மடக்கி வைத்திருக்கும் கைப்பிடியில். அதை வெளியே இழுத்துச் சுற்ற வேண்டும். முன்னால் சுற்றலாம், பின்னால் சுற்றலாம், மெதுவாகச் சுற்றலாம்.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் ஊரில் இருக்கிற பேனிக் என்ற கம்பெனி 2022 ஏப்ரலில் இதை வெளியிட்டது. அவர்கள் அதுவரை கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர்கள். ஸ்வீடன் நாட்டு டீனேஜ் எஞ்சினியரிங் என்ற கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இதற்கு உருவம் கொடுத்திருக்கிறார்கள். கைப்பிடி அந்த ஸ்வீடன்காரர்களின் யோசனை.

என் வீட்டுக்காரர் தெர்மல் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர். முதல் நாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் சுத்தினா கரன்ட் வருமா?" என்று கேட்டார். நெய்வேலிக்காரர் வேறென்ன கேட்பார்! வராது. போனுக்குப் போடுகிற மாதிரி ஒயர் போட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். "அப்புறம் எதுக்குச் சுத்தணும்?" என்றார். விளையாடத்தான் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. சுற்றுகிறது என்றால் ஏதாவது உற்பத்தியாக வேண்டும் அவருக்கு.

இதைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் தம்பி. அமெரிக்காவில் இருக்கிறான். லீவில் வந்தபோது குழந்தைகளுக்குச் சாக்லேட், இவருக்கு டார்ச், அத்தைக்கு மெத்தென்று ஒரு சால்வை என்று பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே வந்தவன், கடைசியில் இந்த டப்பாவை எடுத்தான். என் பையன் கை நீட்டினான். "உனக்கில்லடா, இது உங்கம்மாவுக்கு" என்று என் மடியில் வைத்தான்.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அதற்கு 1995-க்குப் போக வேண்டும்.

அப்போதும் நாங்கள் நெய்வேலிதான். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனவர், பர்மா பஜாரிலிருந்து தம்பிக்கு ஒரு 'பிரிக் கேம்' வாங்கி வந்தார். உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். உயரவாக்கில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் திரை, பின்னால் பென்சில் செல். முகப்பில் '9999 இன் 1' என்று பெரிதாகப் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுதான் தேறும். கார், டாங்க், பாம்பு, ரோட்டைத் தாண்டும் தவளை என்று. மீதியெல்லாம் அதையே வேகம் கூட்டிக் குறைத்து எண்ணிக்கைக்குச் சேர்த்தது!

அவற்றில் ராஜா, மேலேயிருந்து கட்டை விழுகிற விளையாட்டு. பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். நான்கு நான்கு சதுரம் சேர்ந்த ஏழு வடிவக் கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். திருப்பித் திருப்பி வைத்து வரிசையை இடைவெளியில்லாமல் நிரப்பினால் அந்த வரிசை மறைந்துவிடும். இதன் நிஜப் பெயர் டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கம்ப்யூட்டர்காரர் கண்டுபிடித்தது. அந்த ரஷ்யாக்காரரின் விளையாட்டை யார் யாரோ காப்பி அடித்து, சீனாவில் பெட்டி செய்து, பர்மா பஜார் வழியாக எங்கள் க்வார்ட்டர்ஸ் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்போது எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

பெட்டி தம்பிக்கு. நான் கேட்டபோது அப்பா சொன்னார்: "பையன் விளையாடட்டும், நீ போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காலையில் தூங்குவார். சுரங்கக் குடும்பங்களில் இந்தக் கதை தெரியும். அவர் எழுந்திருக்கிற வரைக்கும் வீட்டில் சத்தம் கூடாது. அம்மா குக்கர் வைக்கமாட்டார், விசில் வருமே என்று. ரேடியோ கிடையாது. தம்பி தெருவுக்குப் போய்விடுவான். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் பிரிக் கேம் எனக்கு. சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிவிட்டு, பின்பக்கத் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து ஆடுவேன். ஓரமாக ஒரு பத்தியை மட்டும் காலியாக விட்டுக்கொண்டே வந்து, நெட்டைக் கட்டை வந்ததும் அதில் செருகினால் நான்கு வரிசை ஒரே அடியாகப் போகும். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! இன்றைக்கும் ஃப்ரிஜ்ஜில் மிச்சம் மீதி டப்பாக்களை அடுக்கும்போது ஒரு கட்டை சரியாக உட்கார்ந்தால் எனக்கு அந்த ஞாபகம்தான்.

ஒரு நாள் அப்பா தூக்கம் கலைந்து பின்பக்கம் வந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ஓரத்தை அடைச்சிடாதே" என்றார்! நைட் ஷிஃப்ட் இல்லாத ராத்திரிகளில் அவரும் விளையாடியிருக்கிறார் போல. ஆனாலும் அடுத்த வார்த்தை, "பரீட்சை வருதில்ல? உள்ள வை" என்பதுதான்.

என்னுடைய பெரிய ஸ்கோர் 41,700. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் பெட்டியில் செல்லைக் கழற்றினால் ஸ்கோர் அழிந்துவிடும். அப்பா ஒரு நாள் டார்ச்சுக்காகக் கழற்றிவிட்டார். அத்தோடு நோட்டில் இருந்தது மட்டும்தான் சாட்சி. ப்ளஸ் டூவோடு என் படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது. தம்பி எஞ்சினியரிங் படித்தான், வெளிநாடு போனான். நான் குறையாகச் சொல்லவில்லை, அப்போது வீட்டுக்கு வீடு அப்படித்தான். அப்பா ரிடையர் ஆனதும் அந்த க்வார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போதும் பஜாருக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போகிறேன். வேறு யாரோ குடியிருக்கிறார்கள். துவைக்கிற கல் அப்படியே இருக்கிறது.

தம்பி டப்பாவை மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, உன் நாற்பத்தோராயிரத்தை நான் கடைசி வரைக்கும் தாண்டவே இல்ல." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அன்று ராத்திரி அவன் சொன்ன ஒரு விஷயம் நம் மாதிரிப் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானில் நின்டென்டோ என்று ஒரு கம்பெனி. 1889-ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்தவர்கள். அங்கே குன்பே யோகோய் என்று ஒருவர் இருந்தார். ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு யோசனையே அவருக்கு வந்தது என்பார்கள். 1980-ல் கால்குலேட்டர் திரையை வைத்தே முதல் பெட்டி வந்தது. பின்னால் வந்ததில் ஒன்று பவுடர் டப்பா மாதிரி மடக்குகிறது, திறந்தால் இரண்டு திரை!

அவர் கொள்கை என்ன தெரியுமா? புதுசாக வந்த, விலை உசத்தியான சாமான் வேண்டாம். எல்லாருக்கும் பழகிப்போய் விலை மலிந்த பழைய சாமானை எடு, யாரும் நினைக்காத விதத்தில் பயன்படுத்து. மிஞ்சின இட்லியை உதிர்த்துத் தாளித்து உப்புமா பண்ணுகிறோமே, அதேதான்! அவர் ஆட்கள் செய்த 'கேம் பாய்' 1989-ல் வந்தது. திரையில் கலர் இல்லை, வெளிச்சம் கூட இல்லை. போட்டிக் கம்பெனிகள் கலர்த் திரை வைத்தார்கள். ஆனால் அவை ஆறு செல்லைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய்க்கு நான்கு செல் போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். செல் வாங்கிக் கொடுக்கிறவர் அம்மா அப்பா அல்லவா! கலர் வைத்துப் பின்னால் வந்ததையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றதாம். அந்த மனுஷர் 1997-ல் சாலை விபத்தில் போய்விட்டார் என்று கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

என் மஞ்சள் டப்பாவும் அந்த வழியில் வந்ததுதான். இதன் திரையிலும் விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். இருட்டில் ஒன்றும் தெரியாது. படுக்கையில் போர்வைக்குள் வைத்து ஆட முடியாது. இதைக் கெட்டிக்காரத்தனமாக நினைத்துச் செய்தார்களோ என்னவோ, எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு ட்யூப்லைட்டை அணைத்தால் விளையாட்டும் முடிந்தது. போன் விஷயத்தில் என் பெண்ணோடு தினம் நடக்கும் மல்லுக்கட்டு இதில் இல்லை.

டப்பாவோடு 24 விளையாட்டு உண்டு. ஆனால் எல்லாம் ஒரேயடியாக வராது. வாரத்துக்கு இரண்டு வீதம் 12 வாரம். தொடர்கதைக்குப் புத்தகம் எப்போது வரும் என்று காத்திருப்போமே, அது மாதிரி காத்திருந்தேன். நடுவில் விளம்பரம் கிடையாது. காசு கட்டினால்தான் மேலே போகலாம் என்று மிரட்டுவதும் கிடையாது.

அதில் ஒரு ரோபோ இருக்கிறான். காதலியைப் பார்க்கப் போக வேண்டியவன் தூங்கிப்போய்விடுகிறான். கைப்பிடியை முன்னால் சுற்றினால் நடக்கிறான், பின்னால் சுற்றினால் வந்த வழியே திரும்புகிறான். ஆனால் எதிரே வருகிற பட்டாம்பூச்சி நம் சுற்றுக்குக் கட்டுப்படாது, அது பாட்டுக்கு வரும். அவன் பூவை மோந்து பார்க்கக் குனிகிற அந்த நொடியில் நிறுத்தி வைத்தால் பட்டாம்பூச்சி தலைக்கு மேலே போய்விடும். என்ன வேகமாகச் சுற்றினாலும் பாவி லேட்டாகத்தான் போய்ச் சேருகிறான், அந்தப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பழைய பாம்பு விளையாட்டும் உண்டு. இந்தப் பாம்பு குதிக்கவும் செய்கிறது!

அத்தைக்கு வயசு எழுபத்தாறு. முதலில் ஓரக்கண்ணால்தான் பார்த்தார். பிறகு, "எங்கம்மா வீட்டுல கையால சுத்தற தையல் மெஷின் இருந்துச்சு. குடு பாக்கலாம்" என்றார். பென்குவின் பறவைகளை லிஃப்டில் ஏற்றி அந்தந்த மாடியில் இறக்கிவிடுகிற விளையாட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. கைப்பிடியைச் சுற்றினால் லிஃப்ட் ஏறும், இறங்கும். "எந்த மாடின்னு வாயைத் திறந்து சொன்னா என்னவாம் இதுங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே சுற்றுகிறார்.

பெண்தான் கடைசியில் வந்தாள். "கலர் கூட இல்லையேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினவள், அலைமேல் பலகையில் சறுக்குகிற விளையாட்டில் நான் எடுத்த ஸ்கோரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவளும் நானும் ஒரே ஊஞ்சல் பலகையில் தோள் இடிக்க உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! நடுவில் ஒரு நாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பயாலஜி எடுக்கட்டுமா, கம்ப்யூட்டர் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் அறிவுரை சொல்ல ஆரம்பித்திருப்பேன். கையில் ஆட்டம் இருந்ததால், "உனக்கு எது பிடிக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசினாள்.

இதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வெளிவந்தபோது இதன் விலை 179 டாலர். என் பெண் கணக்குப் போட்டு, அன்றைய மதிப்பில் பதின்மூவாயிரம் ரூபாய்க்கு மேல் என்று சொன்னதும் எனக்குப் பகீரென்றது. பழைய பிரிக் கேம் பொம்மைக்கடையில் கண்ணில் பட்டால் அதுவே போதும். கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். மலிவு விலைப் பொம்மைகள் சிலவற்றில் பட்டன் மாதிரி வட்டமான சின்ன செல் போட்டிருப்பார்கள். அதன் மூடி திருகாணியால் முடுக்கியிருக்க வேண்டும். அந்தச் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பெரியவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்திக் கொஞ்சம் தூரத்தில் இருக்கிற மரத்தைப் பார்த்தால் கண்ணுக்கு நல்லது. எங்கள் டவுன்ஷிப்பில் மரத்துக்கா பஞ்சம்?

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் பண்ணினான். எடுத்த எடுப்பில், "அக்கா, சறுக்கறதுல எவ்வளவு?" என்றான். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பொய்" என்றான் கடைசியில்.

பெண்ணைக் கூப்பிட்டு, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன்.