பூலித்தேவர் எங்கே போனார்?

இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை கிடைக்காத ஒரு கேள்வி தென்காசிச் சீமையில் இருக்கிறது. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருக்குக் கடைசியில் என்ன ஆனது?

ஆற்காடு நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் கப்பம் கட்ட மறுத்தவர் அவர். 1755-ல் ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஹெரான் படையோடு வந்து முற்றுகையிட்டும் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். 1761-ல் ஆங்கிலேயரின் படைத்தளபதி யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கைப்பற்றியதும் பூலித்தேவர் தலைமறைவானார். 1764-ல் யூசுப்கான் தூக்கிலிடப்பட்ட பிறகு திரும்பி வந்து நெற்கட்டும்செவல் கோட்டையை மீட்டார். 1767-ல் ஆங்கிலேயத் தளபதி கேம்ப்பெல் படையிடம் மீண்டும் தோற்றார்.

அதற்குப் பிறகுதான் புதிர். தப்பிச்சென்று மறைந்து வாழ்ந்து இறந்தார் என்பது ஒரு தரப்பு. பிடித்துத் தூக்கிலிட்டார்கள் என்பது இன்னொரு தரப்பு. ஊர் மக்கள் சொல்வதோ வேறு: கைதியாகக் கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டார், உள்ளே போனார், விலங்குகள் தெறிக்க, இறைவனோடு கலந்துவிட்டார்.

சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணர் கோயிலில் பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இன்றும் இருக்கிறது. நெற்கட்டும்செவலில் அரசு எழுப்பிய நினைவு மாளிகை உள்ளது. செப்டம்பர் 1 அவர் பிறந்தநாள் விழா.

குற்றாலச் சாரலில் நனைய வருகிறவர்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். கட்டபொம்மனுக்கும் முன்பே எதிர்த்து நின்ற வீரரின் மண் இது.