சென்னை – யாழ்ப்பாணம் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னைக்கும் இலங்கையின் வட மாகாணத்திலுள்ள யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான நேர்கோட்டு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர் ஆகும். ஏடிஆர் 72 வகை விமானத்தில் இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75 முதல் 90 நிமிடங்கள் ஆகின்றன.

தொலைவைக் கணக்கிடும் முறை

சென்னை விமான நிலையமும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 80 பாகைக்கு அருகில் அமைந்துள்ளன. அட்சரேகையில் சென்னை வடக்கு 13 பாகைக்கு அருகிலும், பலாலி 9.8 பாகைக்கு அருகிலும் உள்ளன. வேறுபாடு 3.2 பாகை. ஓர் அட்சரேகைப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், இரண்டையும் பெருக்கினால் சுமார் 355 கிலோமீட்டர் கிடைக்கும். எனவே விமானம் ஏறக்குறைய நேர் தெற்காகவே செல்கிறது. பாதையின் பெரும்பகுதி கடலுக்கு மேல் அமைகிறது.

பயண நேரம் கூடுவது ஏன்?

ஏடிஆர் 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்கில் 43 நிமிடங்களே போதும். ஆனால் கால அட்டவணையில் தரப்படும் நேரம், விமானம் நிறுத்திடத்திலிருந்து நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றில் வேகம் குறைவு. வான்பாதை முழுவதும் நேர்கோடாக இருப்பதில்லை. காற்றின் திசையும் நேரத்தை மாற்றும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேர வலயத்தைப் பின்பற்றுவதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

வரலாறு

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தனது முதல் சேவையை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு நடத்தியது. பின்னர் உள்நாட்டுப் போரால் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வான்வழித் தொடர்பு பல பத்தாண்டுகள் அற்றுப்போயிருந்தது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் ஏர் சேவையைத் தொடங்கியது. கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் இத்தடத்தில் இணைந்தது.

கொழும்பு வழியுடன் ஒப்பீடு

நேரடிச் சேவை இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியாகக் கொழும்பு செல்ல வேண்டும். பிறகு கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ 645 கிலோமீட்டர் வடக்கே பறந்து சென்னையை அடைய வேண்டும். 355 கிலோமீட்டரில் முடியக்கூடிய பயணம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. மருத்துவத்துக்காகச் செல்லும் நோயாளிக்கும் முதியவருக்கும் இது ஓர் இரவுப் பயணமும் கூடுதல் செலவும் ஆகும். நேரடி விமானம் குறைப்பது இந்தச் சுமையையே.

எனினும் இது பன்னாட்டுப் பயணம் என்பதால் கடவுச்சீட்டும் உரிய நுழைவு அனுமதியும் தேவை. குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கான நேரத்தையும், பலாலியிலிருந்து யாழ். நகருக்கான ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சாலைப் பயணத்தையும் சேர்த்தே மொத்தப் பயண நேரத்தைக் கணக்கிட வேண்டும்.