மூக்கடைப்புக்கு டர்பினேட் அறுவைச் சிகிச்சை

மூக்கின் பக்கச் சுவரிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு நிற்கும் மடிப்புகளுக்கு டர்பினேட் என்று பெயர். நடுவில் மெல்லிய எலும்பு, அதைச் சுற்றி இரத்தக் குழாய்கள் நிறைந்த சதை, மேலே சளிச்சவ்வு என்பது இவற்றின் அமைப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் மேல், நடு, கீழ் என மூன்று உண்டு. மூச்சுக்காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியைப் பிடித்து நிறுத்துபவை இவையே. கீழ் டர்பினேட் மூன்றிலும் பெரியது. அதன் முன்முனை மூக்கின் மிகக் குறுகலான பகுதியில் இருப்பதால், சற்று வீங்கினாலும் மூச்சுவிடச் சிரமமாகிவிடும்.

இந்தச் சதை சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் உப்புவதும் மறுபக்கம் வற்றுவதும் இயல்பு. ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-இல் இதை விவரித்தார். ஒவ்வாமையாலோ, அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நீண்ட நாள் போடுவதாலோ வீக்கம் நிலைத்துவிடலாம். மூக்குத் தண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தால், அகலமான மறுபக்கத்து டர்பினேட் பெருத்துவிடுவதும் உண்டு.

முதலில் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் ஒவ்வாமை மருந்துகளும் தரப்படும். அவற்றுக்கு அடைப்பு கட்டுப்படாதபோதுதான் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் மருத்துவர் சுருக்கும் மருந்தை மூக்கினுள் இட்டு எண்டோஸ்கோப் வழியே பார்ப்பார். மடிப்பு சுருங்கினால் வீக்கம் சதையில் இருக்கிறது. சுருங்காவிட்டால் எலும்பே பெருத்திருக்கக்கூடும்.

சதை வீக்கத்துக்கு ரேடியோ அலை முறை பயன்படுகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய மின்முனையைச் சளிச்சவ்வுக்கு அடியில் செலுத்திச் சதையைச் சூடாக்குவார்கள். அது வடுவாகி, வாரக்கணக்கில் மெல்லச் சுருங்கும். மைக்ரோடிபிரைடர் முறையில், சிறு கீறல் வழியே நுழையும் சுழல் கத்தி சதையைச் சீவ, அதே குழாய் அதை உறிஞ்சி வெளியேற்றும். எலும்பு பெருத்திருந்தால் அதில் ஒரு பகுதியை எடுப்பார்கள், அல்லது முறித்துப் பக்கவாட்டில் ஒதுக்குவார்கள்.

எல்லா முறைகளிலும் சளிச்சவ்வைக் காப்பதே முக்கியம். காற்று உள்ளே போவதை மூளைக்கு உணர்த்துவது அந்தச் சவ்விலுள்ள குளிர் உணர் நரம்புகள். முற்காலத்தில் டர்பினேட்டை முழுவதுமாக வெட்டியெடுத்த சிலருக்கு வழி அகலமாக இருந்தும் மூச்சுத் திணறியது. மூக்கு வறண்டு பொருக்குத் தட்டியது. ‘வெற்று மூக்கு நோய்’ எனப்படும் இதற்குச் சிகிச்சை கடினம்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் அடைப்பும் பொருக்கும் இருக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். பலமாகச் சிந்தக் கூடாது. இரத்தம் நிற்காமல் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒவ்வாமையை அறுவைச் சிகிச்சை போக்காது என்பதால், அது உள்ளவர்கள் ஸ்பிரேயைத் தொடர வேண்டியிருக்கும்.