ஓர் எழுத்துப் பிழையும் ஒரு பெரும் பிணியும்

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா மாநகரில், மருத்துவர் கல்லூரிக்குச் சொந்தமான மூட்டர் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மனிதனின் முழு எலும்புக்கூடு நிற்கின்றது. பொதுவாகத் தசையும் தசைநாரும் நீங்கியபின் எலும்புகள் தனித்தனியே உதிர்ந்துவிடும். கம்பியால் கோத்தால்தான் எலும்புக்கூடு நிற்கும். இந்த எலும்புக்கூடோ பெரும்பாலும் அவ்வுதவியின்றியே ஒன்றாய் நிற்கின்றது. கழுத்திலும் முதுகிலும் தோளிலும் தொடையிலும் தகடுகளாகவும் பட்டைகளாகவும் படர்ந்த புது எலும்பு, உடலையே ஒரே துண்டாகப் பிணைத்துவிட்டது.

இது ஹாரி ஈஸ்ட்லாக் என்பவருடைய எலும்புக்கூடு. 1933-ஆம் ஆண்டில் பிறந்த அவருக்குச் சிறு வயதில் விளையாடுகையில் கால் முறிந்தது. முறிவு சரியாகக் கூடவில்லை. நாளடைவில் இடுப்பும் முழங்காலும் விறைத்தன. மருத்துவர்கள் அறுத்து எடுத்த இடங்களிலெல்லாம் முன்னிலும் தடித்த எலும்பு வளர்ந்தது. 1973-இல், நாற்பது வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்கையில், நுரையீரல் அழற்சியால் அவர் இறந்தார். தம்மைப் போன்று துன்புறுவோருக்குப் பயன்படட்டும் என்று தம் உடலை ஆராய்ச்சிக்கு அளித்துச் சென்றார்.

தசை, தசைநார், மூட்டுகளைப் பிணைக்கும் இழை ஆகியவை படிப்படியாக எலும்பாக மாறும் இந்நோய்க்கு 'பைப்ரோடிஸ்பிளேசியா ஆசிபிகன்ஸ் புரோகிரெசிவா' என்று பெயர், சுருக்கமாக எப்.ஓ.பி. என்பர். பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது காணப்படுகின்றது. இதயம், உதரவிதானம், நாக்கு, கண்ணை அசைக்கும் தசைகள் ஆகியவற்றை இது தொடுவதில்லை. அறிவும் மங்குவதில்லை. உள்ளம் முழு விழிப்புடன் இருக்க, உடல் மட்டும் பூட்டப்படுகின்றது.

யார் செய்த பாவம்?

பிறவிக் குருடனைக் கண்டபோது, இவன் இப்படிப் பிறக்கக் காரணம் இவன் செய்த பாவமா, இவனுடைய பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரைக் கேட்டதை அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். ஆயினும் அக்கேள்வி இன்னும் நம்மிடையே உலவுகின்றது. ஊனமுற்ற குழந்தை பிறந்த வீட்டில் முதலில் பழி விழுவது தாயின்மீதுதான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், உண்ணத் தகாததை உண்டாள், முன்னோர் சாபம் என்று ஆளுக்கொன்று சொல்வர். எப்.ஓ.பி. நோயின் காரணத்தை அறிவியல் எவ்வாறு கண்டறிந்தது என்று பார்த்தால், இப்பழிச்சொற்கள் எவ்வளவு பொருளற்றவை என்பது விளங்கும்.

2006-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் கப்லான், ஐலீன் ஷோர் ஆகியோரின் ஆய்வுக்குழு இந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது. தலைமுறை வழியாக இந்நோய் வந்த மிகச் சில குடும்பங்களை உலகெங்கும் தேடி, அவர்களின் உதவியால் அடைந்த வெற்றி அது. நம் மரபுச் செய்தியில் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் இரண்டாம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. வழக்கமான வகை எப்.ஓ.பி. உடைய அனைவரிடமும் அதே எழுத்துதான் மாறியிருந்தது!

பெரும்பாலான நோயாளிகளின் பெற்றோரிடம் இம்மாற்றம் இல்லை. புதிதாக நேரும் பிழை இது. தாய் உண்டதாலும் அன்று. தந்தை செய்ததாலும் அன்று.

தளர்ந்த தாழ்ப்பாள்

ஓர் எழுத்து எப்படி ஓர் உடலைச் சிறையிடும்? அம்மரபணு உருவாக்கும் புரதத்தின் வடிவில் இதற்கு விடை உண்டு. 509 அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு மடிந்த அப்புரதம், உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும் ஓர் ஏற்பி. வீட்டு வாசற்கதவு போன்றது என்று கொள்ளலாம். அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு, எலும்பை வளர்க்கச் சொல்லி வரும் தூதுப் புரதங்களை வரவேற்கும். மறுமுனை உள்ளே இருந்து, அச்செய்தியை உயிரணுவின் கருவுக்கு அனுப்பும்.

தூதர் வராத வேளையில் கதவு மூடியிருக்க வேண்டும் அன்றோ? அதற்காக உள்முனையில் தாழ்ப்பாள் போன்ற ஒரு பகுதி உண்டு. போதாக்குறைக்கு, மற்றொரு சிறு புரதம் அத்தாழ்ப்பாளைப் பற்றிக்கொண்டு காவலாளியாக நிற்கும். உண்மையான தூதர் வந்தால் காவலாளி விலகுவான், தாழ்ப்பாள் திறக்கும்.

சங்கிலியின் 206-ஆம் இடம் இத்தாழ்ப்பாளை ஒட்டியே உள்ளது. அங்கே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையால் ஹிஸ்டிடின் வந்து அமர்ந்துவிடுகின்றது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இப்புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் வடிவத்தைக் கண்டு 2012-இல் வெளியிட்டனர். இத்தகைய மாற்றங்கள், ஏற்பியை மூடிய நிலையில் நிறுத்திவைக்கும் பிணைப்புகளைக் குலைக்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. கதவு உடையவில்லை, தாழ்ப்பாள்தான் தளர்ந்திருந்தது.

2015-இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. உடலில் அடிபட்டு வீக்கம் காணும்போது ஆக்டிவின்-ஏ என்ற புரதம் சுரக்கின்றது. இயல்பான ஏற்பியை அது தொட்டாலும் எலும்பு வளர்க்கும் செய்தி உள்ளே செல்வதில்லை. மாறிய ஏற்பியோ அதையும் உண்மைத் தூதராக எண்ணித் திறந்துவிடுகின்றது. ஈஸ்ட்லாக்கின் உடலில் கத்தி பட்ட இடத்திலெல்லாம் எலும்பு வளர்ந்ததன் மருமம் இதுவே.

பெற்றோர் அறியவேண்டியது

இந்நோயுடன் பிறக்கும் குழந்தை பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனால் இரு கால்களின் பெருவிரல்களும் குட்டையாகவும், மற்ற விரல்களை நோக்கி வளைந்தும் இருக்கும். ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் காணப்படும் பிறவி அடையாளம் இது. பின்னர், பெரும்பாலும் பத்து வயதுக்குள், கழுத்திலோ முதுகிலோ வலியுடன் கூடிய வீக்கங்கள் தோன்றும். இவற்றைப் புற்றுநோய்க் கட்டி என்று தவறாகக் கருதி, சதையை அறுத்துச் சோதிப்பதே பல நாடுகளிலும் நிகழ்ந்த பெருந்தீங்கு. விரலையும் வீக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தால் போதும், கத்தி வேண்டியதில்லை.

பெருவிரல் வளைந்த குழந்தைக்கெல்லாம் இந்நோய் இருப்பதாக அஞ்ச வேண்டாம். ஐயம் இருப்பின் மருத்துவரிடம் காட்டுவதே முறை. நோய் உறுதியானவர்களுக்குத் தசையில் ஊசி போடுவதைத் தவிர்ப்பர். கீழே விழாமல் காப்பர். இவ்விதி அவர்களுக்கு மட்டுமே உரியது. மற்றக் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகளைக் காலத்தில் போடத் தயங்கலாகாது.

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. பாலோவரோட்டீன் என்ற மருந்துக்குக் கனடா 2022-இலும் அமெரிக்கா 2023-இலும் ஒப்புதல் அளித்தன. புதிய எலும்பு உண்டாவதை அது குறைக்கின்றது, உண்டானதைக் கரைப்பதில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியை முன்னதாகவே நிறுத்திவிடும் ஆபத்தும் அதில் உண்டு. ஆக்டிவின்-ஏ புரதத்தைத் தடுக்கும் மருந்தும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்ததன்று. இந்நோயுற்ற ஜீனி பீப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி, தம்மைப் போன்ற ஒரு சிலரைக் கடிதம் வழியே தேடிப்பிடித்து 1988-இல் அனைத்துலகச் சங்கம் ஒன்றை நிறுவினார். அச்சங்கமும் நோயாளிகளின் குடும்பங்களும் நிதி திரட்டித் தந்ததால் ஆராய்ச்சி வளர்ந்தது. எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதற்காகத் தாங்கள் மறக்கப்பட அவர்கள் இடம்கொடுக்கவில்லை.

நம் பங்குகளில் இந்நோய் உடையவர் எவரும் இல்லாதிருக்கலாம். ஆயினும் பெயர் தெரியாத அரிய நோய்களுடன் வீட்டுக்குள் முடங்கிய பிள்ளைகள் இல்லாத பங்கு உண்டா? அவர்கள் வீட்டுக்குச் செல்வோம். யாருடைய குற்றம் என்று கேளாதிருப்போம். கோவில் படியருகே ஒரு சரிவுப்பாதை அமைப்போம். எப்.ஓ.பி. நோயில் தாடையும் இறுகிவிடுவதால் வாய் திறப்பதே அரிதாகும். அத்தகையோருக்கு அப்பத்தின் சிறு துகளே போதும். தேவையாயின் இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கவும் திருச்சபைச் சட்டம் இடமளிக்கின்றது. குருக்களிடம் இதைக் கேட்க எந்தத் தாயும் கூச வேண்டியதில்லை.

எழுத்துப் பிழையால் ஒரு சொல் மாறலாம். எழுதப்பட்ட உயிரின் மதிப்பு மாறுவதில்லை.