பச்சைக் கோடு: மென்பொருள் சொல்வதில் எதை நம்பலாம்?

ஆதித்யா-எல்1 விண்கலத்தின் வி.இ.எல்.சி. கருவி சூரிய கரோனாவில் பார்க்கும் கோடுகளில் ஒன்று, 530.3 நானோமீட்டர் பச்சைக் கோடு. கருவியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். நம்ம கொடைக்கானல் ஆய்வகமும் அவர்களுடையதுதான். 1869 கிரகணத்தில் சிக்கிய இந்தக் கோட்டுக்கு ‘கரோனியம்’ என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். கடைசியில் பார்த்தால் அது இரும்பு! 26 எலக்ட்ரான்களில் பாதியை இழந்த இரும்பு. 1940களின் தொடக்கத்தில் எட்லேன் இதை நிறுவினார்.

இன்றைக்கு இந்த அயனியை மறைமலைநகரில் என் வீட்டு மடிக்கணினியிலேயே கணக்கிட முடிகிறது. மிங் ஃபெங் கு எழுதிய எஃப்.ஏ.சி. என்ற இலவச மென்பொருள் போதும். (சேர்த்து வாசித்தால் ‘ஃபேக்’ என்று வரும், பயப்பட வேண்டாம்.) எந்த அயனி, எலக்ட்ரான்கள் எந்தெந்தக் கூடுகளில் இருக்கலாம் என்று பைத்தானில் சில வரிகள் எழுதினால், டிராக் சமன்பாட்டைத் தீர்த்து ஆற்றல் மட்டங்களைத் தரும். 13 எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதை அது முதலில் ஒரு சராசரிப் புலமாக எடுத்துக்கொள்ளும். விட்டுப்போனதை, பல எலக்ட்ரான் அமைப்புகளைக் கலந்து ஓரளவு சரிக்கட்டும். ஓரளவுதான்.

ஆற்றலில் அரை சதவீதம் பிசகினாலே கோடு 2.6 நானோமீட்டர் நகர்ந்துவிடும். நிறமாலை பார்ப்பவருக்கு அது வேறு ஊர். அதனால் அலைநீளத்துக்கு நான் மென்பொருளை நம்புவதில்லை, அளந்த மதிப்புதான்.

ஆனால் வீதம் வேறு கதை. ஒரே 3p எலக்ட்ரானின் சுழற்சி திசை மாறுவதால் வரும் காந்த இருமுனைக் கோடு இது. அதன் வலிமையை ஏறக்குறைய கோண உந்தமே முடிவு செய்துவிடுகிறது: 4/3. வீதம் அலைநீளத்தின் முப்படிக்கு எதிர்விகிதம். அளந்த 530.3-ஐப் போட்டால் நொடிக்குச் சுமார் 60, அதாவது ஆயுள் 16.6 மில்லி நொடி. சாதாரணக் கோடுகளுக்கு நானோ நொடிகள்தான்! அடர்ந்த வாயுவில் அதற்குள் ஏதாவது மோதி ஆற்றலைப் பிடுங்கிவிடும். கரோனா மெல்லியது, அங்கே ஒளிர நேரம் கிடைக்கிறது.

கோட்டின் பிரகாசத்தைக் கணிக்க மோதல் வீதங்களும் வேண்டும். அதில் இந்தக் குறுக்கு வழி செல்லாது. எஃப்.ஏ.சி. வழக்கமாகப் பயன்படுத்தும் முறை ஒத்ததிர்வுகளை விட்டுவிடும். பச்சைக் கோட்டுக்கு அவைதான் முக்கியம். அதற்கு ஆர்-மேட்ரிக்ஸ் நிரல்களிடம்தான் போக வேண்டும்.