நுரையீரலுக்கும் 'பிரேக்' உண்டு! நேரம் தவறினால் நிமோனியா

புளூ காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சிலரை நிமோனியா பிடித்துக்கொள்கிறது. "காய்ச்சல்தான் போயிடுச்சே, மறுபடி எப்படி?" என்று வீட்டார் திகைக்கிறார்கள்.

போன காய்ச்சல் திரும்பவில்லை. இது வேறு கிருமி, பாக்டீரியா. 1918-ல் உலகத்தையே உலுக்கிய புளூவில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, பின்னால் வந்த இந்த நிமோனியாதான்!

அதற்கு வழி விடுவதில் நம் உடம்புக்கும் பங்கு உண்டு.

'போதும், நிறுத்து!'

கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் நுரையீரலுக்கு ஓடி வரும். கிருமியை விழுங்கும். இந்தச் சண்டை அளவு மீறினால் நுரையீரலே புண்ணாகும். காற்றுப் பைகளில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

அதனால் "போதும், நிறுத்து" என்று உத்தரவு போடும் பொருள்களும் உடம்பில் சுரக்கின்றன. அதில் ஒன்று இன்டர்லூக்கின்-10. அமெரிக்க விஞ்ஞானிகள் 1989-ல் இதைக் கண்டறிந்தார்கள். பஸ்சுக்கு பிரேக் மாதிரி, சண்டைக்கு இது பிரேக்.

எலிகளிடம் சோதனை

ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் சுண்டெலிகளுக்குப் புளூ வரவழைத்தார்கள். 14 நாள் கழித்து, நிமோனியா கிருமியைச் செலுத்தினார்கள். புளூ வராத எலிகளைவிட இவற்றின் நுரையீரலில் இன்டர்லூக்கின்-10 பல மடங்கு சுரந்தது. கிருமியும் பெருகியது. அந்தப் பொருளை முறிக்கும் மருந்து கொடுத்ததும் கிருமி குறைந்தது. எலிகள் கூடுதல் நேரம் உயிரோடிருந்தன. இந்த முடிவு 2004-ல் வெளியானது.

அப்படியானால் பிரேக்கே வேண்டாமா? அதுவும் ஆபத்து! இன்டர்லூக்கின்-10 அறவே சுரக்காத எலிகளுக்கு இன்னொரு சோதனையில் நிமோனியா கொடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் குவிந்தன. எலிகள் சீக்கிரமே செத்தன.

ஸ்டீராய்டும் பிரேக்தான்

வெளியிலிருந்து கொடுக்கும் பிரேக், ஸ்டீராய்டு மருந்து. பிரான்சில் கடுமையான நிமோனியாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த சுமார் 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 100-க்கு சுமார் 6 பேர். பெறாதவர்களில் சுமார் 12 பேர்.

சரிபாதி குறைந்துவிட்டது! ஆனால் கவனியுங்கள்: கிருமியைக் கொல்லும் மருந்தும் கூடவே கொடுக்கப்பட்டது. புளூ நோயாளிகளை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

எனவே, "போன தடவை கேட்டுச்சு" என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். காய்ச்சல் தணிந்த மாதிரி இருக்கும். கிருமி உள்ளே வளரும்.

விட்ட காய்ச்சல் திரும்பி, நெஞ்சு வலியும் மூச்சு இரைப்பும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். புளூவுக்கும் நிமோனியா கிருமிக்கும் தடுப்பூசி உண்டு. வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.